ஈரம் கழித்துச் சொன்ன டீச்சர்

"சுகமா டீச்சர்?" என்று கேட்டால் மற்றவர்கள் "சுகம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் தோட்டத்துப் பெரிய டீச்சர் அப்படிச் சொன்னதே இல்லை. "சுகம். இடது முழங்காலை மட்டும் கழிச்சிக்கங்க" என்பார். சோறு சாப்பிட்டீர்களா என்று கேட்டால், "சாப்பிட்டேன். உப்பைக் கழிச்சிருங்க, போட மறந்துட்டேன்" என்பார். இந்தக் கழிவு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அது வந்த நாளில் நான் பக்கத்தில் நின்றேன்.

இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். நான் அங்கே தபால்காரன். காலையில் தோல்பையைத் தோளில் போட்டுக்கொண்டு டவுனுக்கு நடந்து போய், தோட்டத்தை நடத்தும் துரையின் கடிதங்களையும் சனங்களின் கடிதங்களையும் வாங்கிவந்து கொடுப்பது என் வேலை. எழுபதுகளின் கடைசி. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, அதிபராக ஒரு பொம்பளையை அனுப்பியிருந்தது. கந்தப்பளைப் பக்கம் ஏதோ ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து படித்து மேலே வந்தவர் என்று சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவார். சேலைக்கு மேலே ஆம்பிளைகள் போடும் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, கையில் பெரிய வட்டமாக ஒரு ஆம்பிளைக் கடிகாரம், வெயில் மழை எதுவானாலும் ஒரு கறுப்புக் குடை.

பள்ளிக்கூடம் என்று பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரே மண்டபம், அதற்குள் ஐந்து வகுப்பு. நடுவில் சாக்குத் திரை. ஒன்றாம் வகுப்பு பாட்டுப் பாடினால் ஐந்தாம் வகுப்பு கணக்கைத் தப்பாகப் போடும்.

வந்த மாதமே டீச்சர் பெற்றோர் கூட்டம் வைத்தார். தோட்டம் முழுக்க அறிவித்தும் ஒருவரும் வரவில்லை. நான் போயிருந்தேன், அதுவும் ஒரு கடிதம் கொடுக்கத்தான். வரிசையாகப் போட்ட பெஞ்சுகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் தபால்காரரே, இந்த ஊர்ல எல்லாரும் ஒரே இடத்துல சும்மா நிக்கிற நேரம்னு ஒண்ணு இருக்கா?"

"மத்தியானம் கொழுந்து நிறுக்கையில நிப்பாங்க டீச்சர். அரை மணித்தியாலம், முக்கா மணித்தியாலம். மடுவத்துல."

மடுவம் என்பது கொழுந்து நிறுக்கிற கொட்டகை. எடுத்த கொழுந்தோடு பெண்கள் கூடைக்குப் பின்னால் கூடையாக வரிசையில் நிற்பார்கள். கணக்கப்பிள்ளை ஐயா தராசில் மாட்டி, முள்ளைப் பார்த்து, சத்தமாக ராத்தலைச் சொல்லி எழுதுவார். மழை நாளில் இலையில் தண்ணீர் இருக்கும் அல்லவா, அதற்காக ரெண்டு ராத்தலோ மூன்று ராத்தலோ குறைத்துத்தான் எழுதுவார். ஈரக் கழிவு என்று பெயர். எங்கள் ஊரில் வருசத்தில் பாதி நாள் மழை; மீதி நாள் பனி. கழிவு இல்லாத நாளை நான் பார்த்ததில்லை.

அடுத்த மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மத்தியானம் டீச்சர் குடையோடு மடுவத்துக்கு வந்துவிட்டார். கணக்கப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை.

"கொழுந்து வாடிரும் டீச்சர்."

"மூணே நிமிசம் ஐயா. நீங்க ஒரு சுருட்டைப் பத்த வைக்கிற நேரம்."

சொல்லிவிட்டு அங்கே கிடந்த மரப்பெட்டி மேல் ஏறி நின்றார். நாலாக மடித்த தாளை விரித்து, "பள்ளிக்கூட அறிக்கை" என்று ஆரம்பித்தார். மூன்று தலைப்பு: படிப்புச் சேதி, கூரைச் சேதி, ஊர்ச் சேதி. பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள், புதுக் கரும்பலகை வந்திருக்கிறது, பெற்றோரின் ஒத்துழைப்பு சிறப்பாக இருக்கிறது என்று வாசித்துக்கொண்டே போனார். கல்விக் கந்தோரின் பெரிய அதிகாரிகளுக்கு எழுதும் கடிதம் மாதிரியே இருந்தது.

வரிசையில் மூக்காயி அக்கா நின்றாள். தோட்டத்திலேயே வேகமான கை அவளுக்கு. வாய் கையைவிட வேகம்.

"டீச்சரம்மா! எங்க கொழுந்துக்கு ஈரத்துக்குன்னு ரெண்டு ராத்தல் கழிக்கிறாங்க. ஒங்க சேதிக்கு ஒண்ணும் கழிக்க மாட்டாங்களா?"

கொட்டகையே சிரித்தது. கணக்கப்பிள்ளைகூடச் சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். டீச்சர் முகம் சிவந்தது. இறங்கிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் தாளை மடித்துக் கம்பளிச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"கழிக்கத்தான் வேணும். கரும்பலகை வந்திருக்கு. அதுல எழுத வெண்கட்டி வரல. பிள்ளைங்க நல்லாப் படிக்கிறாங்கன்னு சொன்னேன். அஞ்சாம் வகுப்புல பாதிப்பேருக்குக் கடிதம் வாசிக்க வராது. பெற்றோர் ஒத்துழைப்புன்னு சொன்னேன். கூட்டத்துக்கு வந்தது தபால்காரர் ஒருத்தர்தான், அவரும் கடிதம் குடுக்க வந்தவரு. ஈரம் கழிச்சா இவ்வளவுதான் மிச்சம்."

யாரும் சிரிக்கவில்லை. மூக்காயி அக்கா மட்டும் கூடையை முன்னால் நகர்த்தியபடி, "இது சரியான நிறுவை" என்றாள்.

அன்றைக்குப் பிடித்த பழக்கம்தான். அதற்குப் பிறகு ஒரு நல்ல சேதியையும் டீச்சர் கழிவில்லாமல் சொன்னதில்லை. மாதத்தின் முதல் வெள்ளி வந்தால் பெண்கள் அவரை எதிர்பார்க்க ஆரம்பித்தார்கள். "மேக்குப் பக்கத்துத் தகரம் மாத்தியாச்சு" என்பார். "ஈரம், ஈரம்!" என்று வரிசையிலிருந்து கத்துவார்கள். "கெழக்குப் பக்கத்துல நாலாம் வகுப்பு இன்னும் குடை பிடிச்சிக்கிட்டுத்தான் வாய்ப்பாடு சொல்லுது" என்பார். பிள்ளைகளை மட்டும் கழித்தார் என்று இல்லை. "இந்த மாசம் நாலு நாள் நான் கோவத்துல இருந்தேன். அந்த நாலு நாள் நான் படிப்பிச்சதைக் கழிச்சிருங்க" என்று ஒரு தடவை சொன்னார்.

மாரியம்மன் திருவிழாவுக்குப் பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளைக் கொடுத்திருந்தார். அடுத்த வெள்ளி ஊர்ச் சேதியில் இப்படிச் சொன்னார்:

"திருவிழா சிறப்பா நடந்திச்சு. எல்லாருக்கும் சந்தோசம். ஒரு பெஞ்சு மூணு காலோட திரும்பி வந்திருக்கு. நாலாவது கால் யார் வீட்டு அடுப்புல எரியுதுன்னு நான் கேக்கல. கேக்க ஆரம்பிச்சேன்னா கண்டுபிடிச்சிருவேன்."

மறுநாள் காலையில் பள்ளிக்கூட வாசலில் அந்தக் கால் கிடந்தது. ஒரு முனை கரிந்திருந்தது. டீச்சர் அதையே திரும்பப் பொருத்தச் செய்தார். அந்தப் பெஞ்சு கடைசி வரைக்கும் கொஞ்சம் சாய்ந்தே நின்றது. உட்காருகிற பிள்ளை ஒரு பக்கமாகச் சரிந்து கணக்குப் போடும்.

நற்சான்றுப் பத்திரமும் இதே கதைதான். ஹட்டனில் ஒரு ஜவுளிக் கடைக்கு வேலை கேட்டுப் போன பையனுக்கு, "நேர்மையானவர், பணிவானவர், காலையில் எழும்பமாட்டார்" என்று எழுதிக் கொடுத்தார். பையனின் தகப்பன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். கடை முதலாளி கடிதத்தைப் படித்துவிட்டு, "இத எழுதுனவங்க பொய் சொல்ல மாட்டாங்க போல. அப்ப நேர்மைங்கறதும் நெசமாத்தான் இருக்கும்" என்று பையனை வேலைக்கு எடுத்துக்கொண்டார். காலையில் மட்டும் கடை திறக்க வேறு ஆளை வைத்திருந்தாராம்.

எல்லாத் தடவையும் இப்படிச் சிரிப்பாக முடிந்தது என்று சொன்னால் அதற்கும் ஈரம் கழிக்க வேண்டிவரும். மூன்றாம் வகுப்புக்கு ஒரு இளம் வாத்தியார் வந்தார். குரல் நல்ல குரல். பிள்ளைகள் அவரை விட்டு நகரமாட்டார்கள். டீச்சர் மடுவத்தில் பெட்டி மேல் நின்று, "மூணாம் வகுப்பு நல்லாப் பாடுது. வாசிக்க வராது" என்றார். அது உண்மைதான். ஆனால் அந்த வாத்தியார் அடுத்த மாதமே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மூன்றாம் வகுப்புக்குப் பாட்டும் இல்லாமல் போனது. "அவரைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்று கேட்டேன். "சொல்லியிருக்கலாம்" என்றார். அன்றைக்குக் குடையை விரிக்காமலே மழையில் நடந்து போனார்.

இனி ஆறாம் வகுப்புக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்குமேல் படிக்க வேண்டுமென்றால் டவுனுக்குப் போகவேண்டும், நாலு கட்டை, அதாவது நாலு மைல் தூரம். பஸ் தோட்டத்துக்குள் வராது. பையன்கள் சிலர் நடந்தார்கள். பெண்பிள்ளைகளை யாரும் அனுப்பவில்லை. ஐந்தாவது முடித்த கையோடு தாயின் கூடைக்குப் பின்னால் ஒரு சின்னக் கூடை கொழுந்தெடுக்க மலைக்குப் போகும். மூக்காயி அக்காவின் மகள் சிவகாமி அப்படித்தான் போனாள். ஐந்தாவதில் முதலாவதாக வந்தவள். மலைக்குப் போய் இரண்டு வருசம் ஆகியிருந்தது. மூக்காயி அக்கா அதைப் பற்றிப் பேசவே மாட்டாள். எதைப் பற்றியும் பேசுகிற ஆள் ஒன்றை மட்டும் பேசாமல் இருந்தால் அது எங்கே வலிக்கிறது என்று தெரிந்துவிடும்.

டீச்சர் ஆறாம் வகுப்பு கேட்டு எழுதிய கடிதங்களை எல்லாம் நான்தான் தபாலில் சேர்த்தேன். கடைசியில் ஒரு பதில் வந்தது: அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், பிள்ளைகளின் எண்ணிக்கையையும் தேவையையும் பொறுத்து முடிவு.

டீச்சர் மடுவத்தில் அதைச் சொன்னபோது வரிசையே கலைந்துவிட்டது.

"எத்தனை பிள்ளை இருக்கணும் டீச்சர்?" என்று மூக்காயி அக்கா கேட்டாள்.

"இருக்கறதை இருக்கறபடி காட்டுவோம். ஒண்ணும் கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்."

"சரிங்க டீச்சர்" என்று எல்லோரும் சொன்னார்கள். அவ்வளவு பேரும் ஒரே குரலில் சொன்னபோதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அவர் அந்தப் பக்கம் போனதும் மூக்காயி அக்கா பேச ஆரம்பித்தாள். "முள்ளு ஏறணும்னா கூடையில எல போடணும். எல இல்லாட்டி தண்ணியாவது தெளிக்கணும். பள்ளிக்கூடத்துல நாப்பது பிள்ளதான் இருக்கு. கீழ் டிவிசன்ல இருந்து பத்துப் பன்னெண்டு கொண்டாந்தா ஆகாதா? கைக்குழந்தைங்கள விட்டுட்டு வர்ற பிள்ளைக் காம்பராவுல நாலஞ்சு இருக்கு, ஒக்கார வச்சா ஒக்காரும். வேலைக்குப் போற எங்க பிள்ளைங்களுக்கும் ஒரு நாள் வெள்ளைச் சட்டை போட்டுவிட்டா என்ன கெட்டுப்போச்சு?"

தோட்டத்தின் கீழ்ப்பகுதியான அந்தக் கீழ் டிவிசனுக்குச் சேதி கொண்டுபோனது யார் என்றால், நான்தான். தபால் பையில் இல்லாத சேதியைக் கொண்டுபோனது அந்த ஒரு தடவைதான்.

அதிகாரி வருகிற நாளில் மூக்காயி அக்காவுக்கு வயிற்று வலி வந்தது. அவளோடு சேர்த்து ஆறேழு பெண்களுக்கு அதே வயிறு, அதே வலி. எல்லோரும் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் பிள்ளைகளோடு ஒளிந்து நின்றார்கள். டீச்சர் முன்வாசலில் குடையோடு நின்றார். ஜீப் வளைவில் திரும்பும் சத்தம் கேட்டதும் பின்கதவு திறந்தது. பிள்ளைகள் உள்ளே இறங்கினார்கள்.

அதிகாரி கண்டிப் பக்கத்துச் சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார். ஒவ்வொரு சொல்லையும் கழுவித் துடைத்து மேசையில் வைப்பதுபோல வைப்பார். நான் தபால் கொடுக்கிற சாக்கில் ஜன்னலருகே நின்றேன். மூக்காயி அக்கா என் முதுகுக்குப் பின்னால்.

உள்ளே வந்த டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். பெஞ்சுகள் நிரம்பி வழிந்தன. முன் பெஞ்சில் ஒரு குழந்தை பால் போத்தலோடு உட்கார்ந்திருந்தது.

"மிகவும் சந்தோசம்" என்றார் அதிகாரி. "இவ்வளவு பிள்ளைகள் இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை."

டீச்சர் ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். நான் கும்பிட்டேன். மூக்காயி அக்கா, "தாயே, சும்மா இரு, சும்மா இரு" என்று முணுமுணுத்தாள்.

"ஐயா, இதுல ஈரம் கழிக்கணும்" என்றார் டீச்சர்.

"என்ன ஈரம்?"

"மழைக் கொழுந்து நிறுக்கையில தண்ணிக்குக் கொறைப்பாங்க ஐயா. அது மாதிரி." சொல்லிக்கொண்டே பெஞ்சு பெஞ்சாக நடந்தார். ஒவ்வொரு தலையாகத் தொட்டார். "இந்தப் பன்னெண்டு பிள்ளையும் கீழ் டிவிசன். அங்க அவங்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. கழிச்சிக்கங்க. இந்த நாலும் பிள்ளைக் காம்பராவுல தூங்க வேண்டியதுங்க. கழிச்சிக்கங்க."

பால் போத்தல் குழந்தை அழ ஆரம்பித்தது. அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டே கடைசிப் பெஞ்சுக்குப் போனார். அங்கே ஏழு பெண்பிள்ளைகள். எண்ணெய் வைத்து வாரிய தலை, இரவல் வெள்ளைச் சட்டை, விரலெல்லாம் கொழுந்துக் கறை.

"இவங்க ஏழு பேரும் அஞ்சாவது முடிச்சு நின்னுட்டவங்க. இப்ப மலையில வேலை. இவங்களும் கழிவுதான் ஐயா."

சிவகாமி தலையைக் குனிந்துகொண்டாள். என் முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பு நின்றுபோனது.

அதிகாரி சிவகாமியிடம் கேட்டார். "நீ ஏன் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றாய்?"

"நான் நிக்கலங்க" என்றாள். "அதுக்கு மேல வகுப்பு இல்ல."

அவர் தன் கோப்பிலிருந்து ஒரு தமிழ்க் கடிதத்தை எடுத்துக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். தட்டாமல் வாசித்தாள், கடைசியில் இருந்த கையெழுத்து முத்திரை எல்லாம் சேர்த்து. அவர் ஏதோ எழுதிக்கொண்டார். தேநீர் வேண்டாம் என்றார். ஜீப் போய்விட்டது.

அடுத்த முதல் வெள்ளிக்கு டீச்சர் மடுவத்துக்கு வந்தபோது பெண்கள் கூடையைத் திருப்பிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார்கள். அவர் பெட்டி மேல் ஏறினார். படிப்புச் சேதி சொன்னார். ஒருத்தியும் "ஈரம்" என்று கத்தவில்லை. கூரைச் சேதி சொன்னார். ஊர்ச் சேதிக்கு வந்தபோது மூக்காயி அக்கா திரும்பாமலே பேசினாள்.

"கணக்கப்பிள்ளை ஐயாவாவது தண்ணியத்தான் கழிக்கிறாரு. நீங்க எங்க பிள்ளைங்களையே கழிச்சிட்டீங்க டீச்சர்."

டீச்சர் தாளை மடித்தார். இறங்கினார். குடையைப் பெட்டி மேலேயே மறந்துவிட்டுப் போனார். பிறகு நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "அவ சொன்னது சரிதான்" என்றார். கழிவு எதுவும் சேர்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பழுப்பு உறையில் அந்தக் கடிதம் வந்தது. டவுனிலிருந்து நான் நடந்த நடையை என் கால் இன்னும் மறக்கவில்லை. டீச்சர் வகுப்பு நடுவிலேயே பிரித்தார். நின்றபடி படித்தார். இன்னொரு தடவை படித்தார். அப்புறம் கம்பளிச் சட்டையின் பொத்தான்களை மேலிருந்து கீழ்வரை பூட்டிக்கொண்டு, வெள்ளிக்கிழமை இல்லாத ஒரு நாளில், மழையில், மடுவத்தை நோக்கி நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

டீச்சர் பெட்டி மேல் ஏறியதும் கணக்கப்பிள்ளை ஐயா தானாகவே சுருட்டை எடுத்துப் பற்ற வைத்தார்.

"ஆறாம் வகுப்பு குடுத்திருக்காங்க" என்றார் டீச்சர்.

எல்லோரும் கழிவுக்காகக் காத்து நின்றார்கள். கணக்கப்பிள்ளையே கேட்டுவிட்டார்.

"ஈரம் எவ்வளவு டீச்சர்?"

"அறை இல்ல. வாத்தியார் இல்ல. வராந்தாவுல நானே எடுக்கணும். இது சின்ன ஈரம்." நிறுத்திவிட்டுக் கடிதத்தைப் பார்த்தார். "எதுக்காகக் குடுத்தாங்கன்னு எழுதியிருக்காங்க. நாற்பது பிள்ளைக்காக இல்ல. மேல் வகுப்பு இல்லாம நின்னுபோன ஏழு பிள்ளைங்களை அதிகாரி நேர்ல பாத்ததுனால. அந்த ஏழு பேரை வச்சே ஆரம்பிக்கச் சொல்லியிருக்கு."

அவர் மூக்காயி அக்காவைப் பார்த்தார். அவள் இந்தத் தடவை திரும்பி நின்றாள்.

"அந்த ஏழு பேரையும் கழிவுன்னு சொன்னது நான். அது தண்ணி இல்ல. கொழுந்து. எனக்குத்தான் நிறுக்கத் தெரியல. நீங்க கொண்டாந்து ஒக்கார வைக்காட்டி அவங்களை யாரும் பாத்திருக்கவே மாட்டாங்க. இது பெரிய ஈரம். இத என் பேர்ல எழுதிக்கங்க."

மூக்காயி அக்கா முகத்தைத் துடைத்தாள். மழையா வேறெதுவுமா என்று நான் பார்க்கவில்லை. "சரி சரி, எழுதியாச்சு. மூணு நிமிசம் முடிஞ்சிருச்சு. எறங்குங்க டீச்சர், கொழுந்து வாடுது" என்றாள்.

பிறகு வரிசையில் தனக்குப் பின்னால் நின்ற சிவகாமியின் பக்கம் திரும்பினாள். மகளின் தலையிலிருந்து கூடைக் கயிற்றைத் தானே கழற்றினாள். கூடையைக் கொண்டுபோய்த் தராசில் தானே மாட்டினாள். "இந்தக் கூடைக்கு இதான் கடைசி நிறுவை" என்றாள்.

கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்தார். "பதினெட்டு ராத்தல்" என்றார். எழுதப் போனவர், ஈரக் கழிவு சொல்லாமலே பென்சிலை எடுத்தார். அன்றைக்கு நல்ல மழை. கூடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றோம். அந்த மனுசன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நல்ல காரியம் செய்கிறார், யார் கெடுப்பார்கள்?

பெட்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த டீச்சர் ஒரு காலைத் தரையில் வைத்தபடி நின்றார்.

"கணக்கப்பிள்ளை ஐயா, மழை பெய்யுதில்ல? ரெண்டு ராத்தல் கழிச்சு எழுதுங்க."

மூக்காயி அக்கா இடுப்பில் கை வைத்து, "இந்தப் பொம்பளைய வச்சிக்கிட்டு நாம என்னதான் செய்யிறது!" என்று கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில், தராசில் தொங்கிய கூடைகூட ஆடியது. கணக்கப்பிள்ளை பதினாறு என்று எழுதினார்.